நிம்மதியாக வாழ என்னதான் வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலம், வாழ்க்கையில் திருப்தி என்று பேச்செடுத்தால் போதும், ஆளுக்கொரு அறிவுரை வந்து விழும். இந்தக் கேள்விகளை ஒட்டி உலகத்தில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவற்றில் பாதி நம்மிடம் வந்து சேரும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அடிக்கடி காதில் விழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, உண்மையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நடுநடுவே என் அபிப்பிராயமும் வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதுதான் முக்கியம்?

கடன் பயம் இல்லாத அளவுக்குப் பணம். பொழுதுக்கு ஓர் ஒழுங்கு தரும் வேலை, அதற்குச் சம்பளம் வருகிறதோ இல்லையோ. அந்த வேலையில் கொஞ்சமாவது நம் சொல் எடுபடுவது. ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரக்கூடிய ஓரிரண்டு பேர். நல்ல தூக்கம். இவ்வளவுதானா என்று கேட்டால், ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் எதுவும் புதிதில்லை, பாட்டில் போட்டு விற்கவும் முடியாது, அதனால்தானோ என்னவோ விற்பனைக்கு வருவதெல்லாம் மனசை மாற்றிக்கொள்ளும் வழிகளாகவே இருக்கின்றன. "நான் சந்தோஷமாக இருக்கிறேனா" என்று நோண்டிக்கொண்டிருப்பதைவிட "என் நாள் எப்படிப் போகிறது, யாரோடு போகிறது" என்று பார்ப்பது பிரயோஜனம் என்பது என் கட்சி.

பணம் நிம்மதி தராது என்கிறார்களே?

இதை அதிகம் சொல்வது பணம் உள்ளவர்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வெளிவந்தது. கரும்புக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் காசு வரும். வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு கையில் ஓட்டம் இருக்கும், அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டுவிடும். அதனால் ஏழையையும் பணக்காரனையும் ஒப்பிடாமல், அதே ஆளையே வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்க முடிந்தது. வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்பு அது 4 சதவீதம். படப் புதிர்களையும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளையும் கொடுத்தபோது, கை வறண்ட நேரத்தில் அதே ஆள் குறைவாக மதிப்பெண் எடுத்தார், அதிகம் தவறு செய்தார். பணக்கவலை மனசுக்குள் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். வட்டி கட்டியவர்களுக்கு இது செய்தியே இல்லை. ஒன்று சொல்லியாக வேண்டும், அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே போலச் சோதித்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. சம்பளத்துக்கு முந்தைய நாலு நாளும் அறுவடைக்கு முந்தைய நாலு மாதமும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் போடாமல் பணம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும், பணம் வாங்கிய குடும்பங்களில் மனநிலை தெளிவாகவே நல்லபடியாக மாறியது.

ஓர் அளவுக்கு மேல் பணம் வந்தாலும் பயனில்லை என்று ஒரு கணக்கு உண்டாமே?

டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் சொன்ன கணக்கு அது. அமெரிக்காவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி அதற்கு மேல் ஏறுவதில்லை என்றார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற இன்னோர் ஆய்வாளர் அப்படி எங்கேயும் நிற்கவில்லையே, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். வழக்கமாக இப்படி முரண்பட்டால் இரண்டு தரப்பும் ஆயுள் முழுக்கச் சண்டை போடும். இவர்கள் உட்கார்ந்து சேர்ந்தே ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஆனால் ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. துக்கம், மன அழுத்தம், முறிந்த உறவு போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பணத்தால் ஆற்ற முடிவதில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தின் வேகத்தைக் கவனியுங்கள்: 20,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 20,000 கூடினால் கிடைக்கும் ஆசுவாசம், 2 லட்சம் வாங்குபவருக்கு வேண்டுமென்றால் இன்னொரு 2 லட்சம் கூட வேண்டும்.

லாட்டரி விழுந்தவரும் விபத்தில் கால் போனவரும் கொஞ்ச நாளில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்களாமே?

இல்லை. இந்தப் பேச்சு கிளம்பியது 1978இல் வந்த ஓர் ஆய்விலிருந்து. அதில் லாட்டரி விழுந்தவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர், அவ்வளவுதான். அதிலேயே விபத்துக்கு ஆளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். மேடைப் பேச்சாளர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். பின்னாளில் ஸ்வீடனில் பெரிய பரிசு விழுந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி கூடுதலாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி இல்லை, அதனால் இந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

வேலை பிடிக்கவே இல்லை. விட்டுவிட்டால் நிம்மதியாக இருப்பேனா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியெந்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே பிழைப்பு ஒரே ஒரு நூற்பாலை. 1929, 30இல் அந்த ஆலை மூடப்பட்டது, கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலையில்லை. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். வெறுமனே கேள்வித்தாளோடு போய் நிற்கவில்லை. பழைய துணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், அப்படியே ஊரைக் கவனித்தார்கள். வேலை இல்லாவிட்டால் நேரம் நிறைய, ஆகவே ஜனங்கள் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், புரட்சிகூட வரலாம் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள்.

நடந்தது நேர்மாறு. ஊர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள்: நடை தளர்ந்துவிட்டது, இரண்டடி வைத்து நிற்பார்கள், மறுபடி நடப்பார்கள், மறுபடி நிற்பார்கள். காலையிலிருந்து மதியம் வரை என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால் பலரால் எழுத முடியவில்லை. பெண்களுடைய நடையில் மட்டும் வேகம் குறையவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அடுப்பும் குழந்தையும் துணி துவைப்பதும் அப்படியே இருந்தன. சம்பளம்தான் போயிற்றே ஒழிய வேலை போகவில்லை. (அது நியாயமா என்பது வேறு கேள்வி.)

யஹோடா பின்னாளில் இதை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். வேலை சம்பளம் தவிர ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் தருகிறது: நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், நான் இன்னார் என்ற அடையாளம், கை கால் சும்மா இருக்காமல் ஏதோ ஓர் அலுவல். இருக்கும்போது இவற்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களை 15 வருஷம் தொடர்ந்த கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. திருமணமான சந்தோஷம் சராசரியாகச் சில வருஷங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, ஆனால் வேலை போன அடி, மறுபடி வேலை கிடைத்த பிறகும் முழுசாக ஆறுவதில்லை.

சரி, அதற்காக எந்த வேலையாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2011இல் வந்த ஆய்வில், வேலை இல்லாமலிருந்து மிக மோசமான ஒரு வேலைக்குப் போனவர்களுடைய மனநிலை, வேலையே கிடைக்காதவர்களைவிடக் கெட்டுப்போனது. மோசம் என்றால் நெருக்கடி அதிகம், நிலைக்குமா என்று தெரியாது, தன் வேலையில் தனக்கே ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வைத்துப் பல வருஷங்கள் நடந்த ஆய்விலும், தங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதில் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. ஆகவே விட்டுவிடுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்வேன்: உங்களுக்குப் பிடிக்காதது வேலையா, மேலாளரா, அல்லது அங்கே போய் வரும் பயணமா? அப்புறம், விட்டதற்கு மறுநாள் காலை 10 மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

அப்படியானால் ஓய்வு பெற்றவர்கள்?

அதே ஐந்தையும் வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான், ஓய்வு பெறும் முன்பே தேட ஆரம்பித்தால் நல்லது. குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் பதவிக்குப் போட்டி போடும் பெரியவரைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் அவருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உறவுகள்தான் எல்லாம் என்கிறது ஹார்வர்ட் ஆய்வு. எங்கள் வீட்டில் பிரச்சினையே உறவுகளால்தான்!

நியாயமான கேள்வி. 1938இல் தொடங்கிய ஆய்வு அது: 268 ஹார்வர்ட் மாணவர்கள், பிறகு பாஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பையன்கள். மாணவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடி. ஆயுள் முழுக்க அவர்களைத் தொடர்ந்தார்கள், இப்போது அவர்களுடைய பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. 50 வயதில் தங்கள் உறவுகளில் எவ்வளவு திருப்தியாக இருந்தார்கள் என்பது, 80 வயதில் உடம்பு எப்படி இருக்கும் என்பதைக் கொலஸ்ட்ராலைவிட நன்றாகக் காட்டியது என்று இதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர் சொல்கிறார்.

இதில் இரண்டு ஓட்டை உண்டு. முதல் தலைமுறையில் எல்லோரும் வெள்ளைக்கார ஆண்கள். இன்னொன்று, நல்ல உறவு ஆரோக்கியம் தந்ததா, ஆரோக்கியமும் நல்ல சுபாவமும் இருப்பவர்களுக்கு உறவு நன்றாக அமைந்ததா என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் நெருங்கிய மனிதர்கள் உள்ளவர்கள் அதிக நாள் உயிரோடு இருந்தது தெரிந்தது, ஆகவே விஷயத்தில் சத்து இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உறவு என்றால் உறவினர் எண்ணிக்கை இல்லை. உடம்பு முடியாமலோ பயமாகவோ இருந்தால் நடு ராத்திரியில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அந்த ஆய்வில் கேட்டார்கள். சிலரால் ஒரு பேர்கூடச் சொல்ல முடியவில்லை, அவர்களில் கல்யாணமானவர்களும் உண்டு. கல்யாணத்துக்கு 800 பத்திரிகை வைத்தவர்களுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கலாம். ஓயாத சண்டை உள்ள உறவு உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, அதை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. சொந்தக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் அளவாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் நண்பர் இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்கா இருக்கலாம்.

தினமும் மூன்று மணி நேரம் பயணத்திலேயே போகிறது. இதெல்லாம் மனநலத்தில் சேருமா?

கட்டாயம் சேரும். டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை ஒவ்வொரு நிகழ்ச்சியாக எழுதச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பட்டியலின் அடியில் இருந்தது வேலைக்குப் போகும் பயணம். ஜெர்மனியில் கணக்குப் பார்த்தபோது, தூரத்திலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் சம்பளமோ பெரிய வீடோ அந்தச் சிரமத்தை ஈடு செய்யவில்லை. வீடு பார்க்கும்போது கூடுதலாக ஒரு அறை வேண்டும் என்று ஊருக்கு வெளியே போகிறோம், அந்த அறையில் உட்கார நேரம் இருப்பதில்லை.

சிகாகோவில் ரயில் பயணிகளிடம் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசச் சொன்னார்கள். தர்மசங்கடமாக இருக்கும் என்று நினைத்தார்கள், ஆனால் பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாகப் போனது. சீட்டாடி, பாட்டுப் பாடி, முறுக்கைப் பங்கு வைத்துக்கொண்டு அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வருபவர்களிடம் இதைப் போய்ச் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

மற்றவர்களோடு ஒப்பிடாதே என்கிறார்கள். முடியவில்லையே?

யாராலும் முடிவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் பொதுத் தகவல், 2008இல் ஒரு நாளிதழ் அதை இணையத்தில் ஏற்றியது. ஆய்வாளர்கள் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். சக ஊழியர்களைவிடக் குறைவாக வாங்குபவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் வந்தது. அதிகம் வாங்குபவர்களுக்கு? ஒரு சந்தோஷமும் கூடவில்லை. ஒப்பிட்டால் நஷ்டம் மட்டும்தான், லாபம் கிடையாது. மனசை அடக்குவது கஷ்டம், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதைக் குறைக்கலாம். பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் யார் எந்தக் கார் வாங்கினார் என்று வரும் படங்களை மௌனத்தில் போடுவது சுலபம்.

போனைத் தூக்கிப் போட்டால் சரியாகுமா?

கொஞ்சம். 2018இல் அமெரிக்காவில் நாலு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வைத்தவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை லேசாக மேம்பட்டது. லேசாகத்தான். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது மீதி.

இதெல்லாம் பிறவிக் குணம், மாற்ற முடியாது என்கிறார் என் மாமா.

மாமா சொல்வதில் பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடுதலோ பரம்பரையால் வருகிறது. 1996இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து இரட்டையர்களை ஆராய்ந்த டேவிட் லிக்கன், சந்தோஷமாக முயல்வது உயரமாக முயல்வது மாதிரி வீண் என்றே எழுதினார், பிறகு அதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். எதிர்ப் பக்கத்தில், சந்தோஷத்தில் 40 சதவீதம் நம் கையில் என்று ஒரு கணக்கு சுய முன்னேற்றப் பேச்சுகளில் சுற்றுகிறது. அதைச் சொன்னவர்களே பின்னாளில் அது மிகையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். எத்தனை சதவீதம் என்று யார் வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நன்றி டைரி, பாசிட்டிவ் திங்கிங்?

நன்றி எழுதுவதில் சின்னதாக ஒரு பலன் உண்டு, பிடித்தால் எழுதுங்கள். ஆனால் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக இருப்பவர்கள், நல்ல தருணங்களில்கூட ஏமாற்றம் அடைகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் காட்டினார்கள். வீட்டில் ஒருவர் இறந்த பத்தாம் நாள் பாசிட்டிவாக இரு என்று வந்து சொல்பவரிடம் பேச வேண்டியதில்லை.

ரொம்ப நாளாகவே எதிலும் பிடிப்பில்லை. நடைப்பயிற்சி போனால் சரியாகுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

நடை, ஓட்டம், யோகா, எடை தூக்குதல் எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதில் ஓரளவு உதவுகின்றன. 2024இல் 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு இது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வழக்கமான வேலைகூட ஓடவில்லை என்றால் நடையை மட்டும் நம்பி இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926.

ஃபின்லாந்துக்காரர்கள்தான் உலகிலேயே சந்தோஷமானவர்களா?

வருஷாவருஷம் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் நாடுகள் பட்டியலில் 2018இலிருந்து அவர்கள்தான் முதலிடம். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வியில் சந்தோஷம் என்ற பேச்சே இல்லை. ஓர் ஏணி, அடியில் 0, உச்சியில் 10, உங்களுக்கு அமையக்கூடிய சிறந்த வாழ்க்கை உச்சி, மோசமானது அடி, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை விற்க வேண்டாம், வேலை போனால் அரசு தாங்கும் என்ற தைரியம் உள்ள ஊரில் ஆட்கள் மேல் படியைச் சொல்வதில் ஆச்சரியம் என்ன? 2025 பட்டியலில் இந்தியா 118ஆம் இடம். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களுக்கு மனசு சரியில்லை, தியான வகுப்பு நடத்தலாம் என்று கிளம்புபவர்கள் ஏணியைப் பார்க்கவே இல்லை.

கோவிலுக்குப் போனால் நிம்மதி கிடைக்கும் என்கிறார் அம்மா. ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2010இல் வந்த ஆய்வு ஒன்று இதைத்தான் தோண்டியது. வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் அதிகத் திருப்தியாக இருந்தார்கள், ஆனால் அங்கே நெருங்கிய நண்பர்கள் இருந்தவர்களுக்கு மட்டும். தனியாகப் போய்த் தனியாக வருபவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. அது தேவாலயம் போகிறவர்களை முக்கியமாக வைத்துச் செய்தது, நம் கோவில்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் யாரோடு போகிறார், சாமி கும்பிட்ட பிறகு பிரகாரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார் என்று ஒரு தடவை கூடவே போய்ப் பாருங்கள்.